வைரஸ் இல்லை என்கிறது ஒரு ரிப்போர்ட், இருக்கிறது என்கிறது இன்னொன்று

வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதத்தோடு ஆறு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்களையும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். வயது 41. ஆறு ஆண்டுகளுக்கு முன் வேலையில் சேர்வதற்காக எடுத்த பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் மருந்து இல்லை, கண்காணிப்பு மட்டும். அப்புறம் வைரஸ் அளவு 6 லட்சத்தைத் தாண்டி, கல்லீரல் என்சைமும் ஏறியதும் டெனோஃபோவிர் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகளாகத் தினம் ஒரு மாத்திரை. கடந்த மூன்று ஆண்டுகளாக டிஎன்ஏ ரிப்போர்ட்டில் ஒவ்வொரு முறையும் 'கண்டறியப்படவில்லை' என்றே வருகிறது. என்சைம் 24. ஸ்கேனில் குறை இல்லை. ஆனால் மேலுறை ஆன்டிஜன், அதாவது வைரஸின் வெளிச்சட்டையான புரதம், ரிப்போர்ட்டில் ஹெச்பிஎஸ்ஏஜி என்று அச்சாகியிருக்குமே அது, 2,900-லிருந்து 2,650-க்கு இறங்கியதோடு சரி.

"வைரஸ் இல்லையாம், வைரஸின் சட்டை மட்டும் ரத்தத்தில் ஓடுகிறதாம். ஆள் இல்லாமல் சட்டை எப்படி சார் நடக்கும்?" என்று கேட்கிறார்.

இதற்கிடையே இவருடைய மைத்துனருக்கு ஹெபடைடிஸ் சி வந்து, 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு முழுதாகக் குணமாகிவிட்டது. "உனக்கு மட்டும் ஏன் ஆயுள் முழுக்க மாத்திரை?" என்று அவர் கேட்டது இவர் மனதில் தைத்துவிட்டது. இணையத்தில் தேடியிருக்கிறார். வைரஸின் எக்ஸ் புரதம் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஓரிடத்தில் படித்தார். வைரஸ் தன் கூட்டைக் கட்டுவதைத் தடுக்கும் புது மருந்து சோதனையில் இருப்பதாக வேறோர் இடத்தில் படித்தார். கடைசியில், 18 நாட்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். மனைவிக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது.

முதலில் அந்த 18 நாள்

அன்புள்ள நண்பரே, இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை இன்றே மறுபடி தொடங்குங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம், வழக்கம்போல ஒன்று போதும். உங்கள் மருத்துவரைத் தொலைபேசியிலாவது பிடித்து, நிறுத்திய தேதியைச் சொல்லுங்கள். கல்லீரல் என்சைம், பிலிருபின், டிஎன்ஏ மூன்றையும் இந்த வாரம் ஒரு முறை, நான்கு வாரம் கழித்து ஒரு முறை பார்க்கச் சொல்லி அவரே எழுதிக் கொடுப்பார்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 18 நாளில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இந்த மாத்திரையை நிறுத்தினால் விளைவு உடனே தெரியாது. வாரங்கள் கழித்து, சிலருக்கு மாதங்கள் கழித்துத்தான் வைரஸ் கிளம்பும். அதன் பின்னாலேயே நம் உடலின் எதிர்ப்பு அணுக்கள் கிளம்பிக் கல்லீரலைத் தாக்கும். அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் செயலிழப்புவரை போய்விடும். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, தொடர்ந்த வாந்தி, பேச்சில் குழப்பம் என்று ஏதாவது தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சட்டை எப்படி நடக்கிறது

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் 'வைரஸ்' என்று ஒற்றைச் சொல்லில் நினைக்கிறீர்கள். உங்கள் ரிப்போர்ட் அப்படி நினைப்பதில்லை. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் வைரஸின் வெவ்வேறு வேலையைத் தனித்தனியாக எட்டிப் பார்க்கிறது. அந்த வேலைகளைச் செய்பவை வெவ்வேறு புரதங்கள். உங்கள் மாத்திரை அவற்றில் ஒன்றை மட்டும்தான் மடக்குகிறது. உங்கள் குழப்பத்துக்கு முக்கால்வாசிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஹெபடைடிஸ் பி மிகச் சிறிய வைரஸ். அதன் மரபணுத் தொகுப்பில் சுமார் 3,200 எழுத்துகள்தான். இடம் போதாததால் ஒரே எழுத்துகளை இரண்டு புரதங்களுக்குப் பங்கு வைத்து எழுதியிருக்கிறது. இவ்வளவு கஞ்சத்தனமான எழுத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கல்லீரல் செல்லுக்குள் நுழைய அது பிடித்துக்கொள்ளும் கதவு, பித்த உப்பை உள்ளே எடுத்துச் செல்ல நம் செல்லே வைத்திருக்கும் ஒரு புரதம். என்டிசிபி என்ற அந்தக் கதவைக் கண்டுபிடித்ததே 2012-ல்தான். உள்ளே போன வைரஸின் டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குச் சென்று முழு வளையமாக மூடிக்கொள்கிறது. ஆய்வாளர்கள் அதை சிசிசி டிஎன்ஏ என்பார்கள். நாம் வளையம் என்றே வைத்துக்கொள்வோம். வைரஸுக்கு மூலப்பத்திரம் அதுதான். அதை வைத்துத்தான் மற்ற எல்லா நகலும் எடுக்கப்படுகின்றன.

அந்த வளையத்திலிருந்து பல நீளங்களில் ஆர்என்ஏ நகல்கள் வெளியே வருகின்றன. மிக நீளமானவற்றில் ஒன்றுக்கு இரட்டை வேலை. வைரஸின் சரக்கைச் சுற்றிக் கூடாக அமையும் கூட்டுப் புரதத்தையும், டிஎன்ஏ எழுதும் பாலிமரேஸ் என்ற புரதத்தையும் உற்பத்தி செய்ய அதுவே குறிப்பு. அடுத்த வைரஸுக்குள் வைத்து மூட வேண்டிய சரக்கும் அதுவே. எப்போது குறிப்பாக இருக்க வேண்டும், எப்போது சரக்காக மாற வேண்டும் என்று தீர்மானிப்பது பாலிமரேஸ். உற்பத்தியானதும் அது பெரும்பாலும் தான் பிறந்த அதே ஆர்என்ஏவின் முனையில், கொண்டை ஊசிபோல மடிந்திருக்கும் ஓர் இடத்தைக் கவ்விப் பிடிக்கிறது. அந்தப் பிடிதான் சமிக்ஞை. உடனே கூட்டுப் புரதங்கள் ஜோடி ஜோடியாக வந்து சுற்றிலும் அடுக்கிக்கொள்கின்றன. பெரும்பாலான கூடுகளில் 120 ஜோடிகள், சிலவற்றில் 90. பாலிமரேஸும் ஆர்என்ஏவும் ஒன்றாக உள்ளே மாட்டிக்கொள்கின்றன.

கூட்டுப் புரதம் வெறும் சுவர் இல்லை. அதன் வால் பகுதி கூட்டின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பாஸ்பேட் ஏறுவதையும் இறங்குவதையும் பொறுத்து ஆர்என்ஏவைப் பிடிப்பதும், உள்ளே டிஎன்ஏ எழுதப்படுவதும் மாறுகின்றன. கூட்டுக்குள் பூட்டிக்கொண்டு ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதுகிறது பாலிமரேஸ். எழுதி முடித்த இடத்து ஆர்என்ஏவைத் தானே துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறது.

டெனோஃபோவிர் இந்த இடத்தில்தான் தடுக்கிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றைப்போல வேடம் போட்டுப் போய் நிற்கிறது. பாலிமரேஸ் அதை எடுத்துக் கோர்த்தால் அடுத்த எழுத்தைக் கோர்க்க முடியாது, சங்கிலி அங்கேயே நின்றுவிடும். டிஎன்ஏ முடியாவிட்டால் தொற்றக்கூடிய வைரஸ் இல்லை. ரத்தத்தில் டிஎன்ஏ 'கண்டறியப்படவில்லை' என்று உங்களுக்கு மூன்று ஆண்டுகளாக வருவது இதனால்தான். மாத்திரை தன் வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது.

உட்கருவிலுள்ள வளையத்தை அது தொடவில்லை. வளையத்திலிருந்து ஆர்என்ஏ வருவதையும் நிறுத்தவில்லை. மேலுறைப் புரதத்துக்கான ஆர்என்ஏ தனி, நீளமும் வேறு. அது பாலிமரேஸ் இருக்கும் பக்கமே போவதில்லை. வளையத்திலிருந்து வெளியே வந்து, நேராகப் புரதமாகிவிடும். அந்தப் புரதத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. உள்ளே வைக்கக் கூடு இல்லாவிட்டாலும் தானே திரண்டு உருண்டையாகி வெளியேறிவிடும். முழு வைரஸ் 42 நானோமீட்டர். இந்த வெற்று உருண்டைகள் 22 நானோமீட்டர். மாத்திரை சாப்பிடாத நோயாளியின் ரத்தத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் எங்கும் இந்தச் சின்ன உருண்டைகளும் நீண்ட குழல்களும்தான் தெரியும். நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். அதுதான் முழு வைரஸ். அதைப்போல ஆயிரம் மடங்கிலிருந்து லட்சம் மடங்குவரை வெற்று உருண்டைகள் இருக்கலாம்.

ஆக, ஆள் இல்லாமலும் சட்டை நடக்கும். ஆள் இருந்த காலத்திலும் கூட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் சட்டைதான்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பல ஆண்டுகள் வைரஸோடு வாழ்ந்தவர்களின் கல்லீரல் செல்களில், வைரஸ் டிஎன்ஏவின் துண்டுகள் நம் குரோமோசோமுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டுகளால் முழு வைரஸை உண்டாக்க முடியாது. மேலுறைப் புரதத்தை மட்டும் உற்பத்தி செய்யும். இ ஆன்டிஜன் என்ற இன்னொரு வைரஸ் புரதம் ரத்தத்தில் தென்படாதவர்களிடம், அதாவது இ ஆன்டிஜன் நெகட்டிவ் ஆனவர்களிடம், மேலுறை ஆன்டிஜனில் கணிசமான பங்கு இங்கிருந்துதான் வருகிறது. உங்கள் 2,650 வைரஸின் எண்ணிக்கை இல்லை. மாத்திரை தோற்றுவிட்டதற்கான சாட்சியும் இல்லை. நான்கு ஆண்டுகளில் அது 250 மட்டும் குறைந்திருப்பது இந்த மருந்தில் எல்லோருக்கும் நடப்பதுதான். டெனோஃபோவிரோ, அதே வகை மாத்திரையான என்டெகாவிரோ சாப்பிடுபவர்களில் மேலுறை ஆன்டிஜன் அடியோடு மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவு.

இ ஆன்டிஜன் நெகட்டிவ் என்பது பாதி நல்ல செய்தி

"எனக்கு ஆரம்பத்திலிருந்தே இ ஆன்டிஜன் நெகட்டிவ், அப்படியானால் என்னுடையது லேசான வகைதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் இப்படி நினைக்கிறார்கள். மருத்துவர்களிலும் சிலர் அவசரத்தில் அப்படிச் சொல்லிவிடுவதுண்டு.

இ ஆன்டிஜன் என்பது கூட்டுப் புரதத்தின் ஒன்றுவிட்ட சகோதரன். ஒரே மரபணுதான், கொஞ்சம் முன்னாலிருந்து படிக்க ஆரம்பித்தால் இ ஆன்டிஜன் வரும். வைரஸ் பெருகவோ கூடு கட்டவோ இது தேவையே இல்லை. ரத்தத்தில் மிதந்து நம் எதிர்ப்புச் சக்தியை மந்தப்படுத்துவதுதான் இதன் வேலை என்று கருதப்படுகிறது. பலருக்கு எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு வைரஸை அடக்கும்போது இ ஆன்டிஜன் மறையும். அது நிஜமான நல்ல செய்தி. ஆனால் வேறு சிலருக்கு வைரஸ் தன் 1,896-வது எழுத்தை மாற்றிக்கொள்ளும். அந்த ஓர் எழுத்தால் இ ஆன்டிஜன் பாதியிலேயே நின்றுவிடும். கூட்டுப் புரதம் மட்டும் பழையபடி உற்பத்தியாகும், வைரஸும் பழையபடி பெருகும். ரிப்போர்ட்டில் இ நெகட்டிவ், டிஎன்ஏ லட்சக்கணக்கில். மாத்திரைக்கு முன் உங்களுக்கு 6 லட்சம் இருந்ததே, நீங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்சியில்தான் சேர்வீர்கள். லேசான வகை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

எக்ஸ் புரதமும் புற்றுநோய் பயமும்

நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. எக்ஸ் புரதத்தின் முதல் வேலை வளையத்தை உயிரோடு வைத்திருப்பது. உட்கருவில் வந்தேறிய டிஎன்ஏ வளையத்தைக் கண்டால் அதன் மேல் உட்கார்ந்து வாயடைக்கும் காவல் புரதக் கூட்டம் ஒன்று நம் செல்லில் இருக்கிறது. எக்ஸ் புரதம் அந்தக் காவலைப் பிடித்து, செல்லின் சொந்தக் குப்பை அரைக்கும் இயந்திரத்திலேயே தள்ளிவிடுகிறது. 2016-ல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. புற்றுநோய்க்கு எக்ஸ் மட்டும் காரணம் இல்லை. வருடக்கணக்கான அழற்சி, தழும்பு, குரோமோசோமில் ஒட்டிய டிஎன்ஏ துண்டுகள் எல்லாம் அதில் சேரும். மாத்திரை இந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கிறது, பூஜ்யமாக்குவதில்லை. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் அதை அதிகப்படி என்று நினைக்காதீர்கள். உங்கள் ரிப்போர்ட் கட்டில் கடைசி ஸ்கேன் 14 மாதப் பழசு.

மைத்துனரின் 12 வாரம்

பெயர் ஒன்றுபோல இருப்பதால் வந்த வினை இது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் கல்லீரலில் குடியிருக்கும் என்பதைத் தவிர அவற்றுக்குள் உறவே இல்லை. சி வைரஸ் ஆர்என்ஏ வைரஸ், உட்கருப் பக்கம் போவதில்லை, மூலப்பத்திரம் என்று எதையும் பத்திரப்படுத்துவதில்லை. சுமார் 3,000 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீளப் புரதத்தை உற்பத்தி செய்து, அதைப் பத்தாக வெட்டிக்கொள்கிறது. அதில் நகலெடுக்கும் புரதத்தையும், நகலெடுப்பதையும் வைரஸைக் கட்டுவதையும் இணைக்கும் என்எஸ்5ஏ புரதத்தையும் ஒரே நேரத்தில் மடக்கினால் புது ஆர்என்ஏ வராது. இருப்பது தானே சிதைந்து போகும். 8 முதல் 12 வாரத்தில் நூற்றில் 95 பேருக்கு மேல் குணம்.

அந்த மாத்திரை பி வைரஸின் பாலிமரேஸை ஒன்றும் செய்யாது. "எனக்கும் அதையே எழுதித் தரக் கூடாதா" என்றால், கூடாது. சொல்லப்போனால் பி, சி இரண்டும் உள்ளவர்களுக்கு சி-க்கு மட்டும் வைத்தியம் செய்தபோது, அடங்கியிருந்த பி கிளம்பிய அனுபவம் உண்டு. உங்கள் மைத்துனருக்கும் பி பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: டெல்டா

உங்கள் ஆறு ரிப்போர்ட்களையும் இரண்டு முறை புரட்டினேன். ஹெபடைடிஸ் டி பரிசோதனை எதிலும் இல்லை. சட்டையைப் பற்றி இவ்வளவு கேட்ட உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அந்தச் சட்டையைத் திருடிப் போட்டுக்கொள்ளும் வைரஸ் இது.

டெல்டா என்று அழைக்கப்படும் இந்த வைரஸ் 1977-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆர்என்ஏ வளையம், சுமார் 1,700 எழுத்து, அவ்வளவுதான். நகலெடுக்கத் தனக்கென்று பாலிமரேஸ்கூட இல்லை. நம் செல்லின் இயந்திரத்தையே பயன்படுத்திக்கொள்ளும். அதற்கு இருப்பது ஒரே ஒரு புரதம், அதற்கு இரண்டு வடிவம். 195 அமினோ அமிலங்கள் உள்ள சின்ன வடிவம் பெருக்கத்துக்குத் துணை நிற்கும். கொஞ்ச காலம் கழித்து நம் செல்லின் என்சைம் ஒன்று வைரஸின் ஆர்என்ஏவில் ஓர் எழுத்தைத் திருத்திவிடும். 'நிறுத்து' என்றிருந்த இடம் 'தொடர்' என்றாகிவிடும். புரதம் 19 அமினோ அமிலம் நீண்டு 214 ஆகும். இந்த நீண்ட வடிவம் பெருக்கத்துக்குக் கடிவாளம் போட்டுவிட்டு மூட்டை கட்டும் வேலையைத் தொடங்கும். நீண்ட வாலில் ஒரு கொழுப்புச் சங்கிலி ஏறிக்கொள்ளும், அந்தக் கொழுப்பைக் கொண்டு பி வைரஸின் மேலுறைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியேறும். பெருகுவதா, புறப்படுவதா என்ற முடிவு 19 அமினோ அமிலத்தில் அடங்கியிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் இதைப் படிக்கும்போது எனக்கு வியப்பு தீரவில்லை.

உங்களுக்கு இதில் என்ன? டெல்டாவுக்கு பி வைரஸின் டிஎன்ஏ வேண்டாம், சட்டை போதும். உங்கள் ரத்தத்தில் டிஎன்ஏ இல்லை, சட்டை 2,650 இருக்கிறது. டெனோஃபோவிர் டெல்டாவை எதுவும் செய்யாது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு டெல்டாவும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என்சைம் 24 என்பதால் உங்களுக்கு இருக்க வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் டெல்டா எதிர்ப்பொருள் பரிசோதனையை ஒரு முறையாவது எடுத்துவிடுங்கள். நீண்ட நாள் நோயாளிகளிடம் அடிக்கடி விட்டுப்போகும் பரிசோதனை இது.

நிறுத்தவே முடியாதா

'ஆயுள் முழுக்க' என்ற சொல்தான் உங்களை உறுத்துகிறது என்று புரிகிறது. நியாயமான உறுத்தல். மருத்துவ வழிகாட்டுதல்களில் நிறுத்துவதற்கும் ஒரு வழி இருக்கிறது. கல்லீரல் சுருக்கம் இல்லாத, இ ஆன்டிஜன் நெகட்டிவ் ஆன, மூன்று ஆண்டுகளாவது டிஎன்ஏ தென்படாமல் இருந்த சிலருக்கு, மருத்துவர் கண்காணிப்பிலேயே நிறுத்திப் பார்க்கலாம். முதல் சில மாதங்களில் மாதம் ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் மறுபடி மாத்திரை, இது ஒப்பந்தம். மேல் பார்வைக்கு நீங்கள் இதில் பொருந்துவதுபோலத் தெரியும்.

ஆனால் நிறுத்திய பின் நன்றாக இருப்பவர் யார் என்று பார்த்தால், நிறுத்தும்போது மேலுறை ஆன்டிஜன் குறைவாக இருந்தவர்கள்தான். கண்டிப்பான கோடு 100. மக்கள் கூட்டத்தைப் பொறுத்து இது மாறும், தளர்வான கோடு 1,000. உங்கள் எண் இரண்டுக்கும் மேலே நிற்கிறது. சட்டையை எண்ணுவதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு: வைரஸ் எத்தனை என்று அது சொல்லாது, மாத்திரையை விடும் நேரம் வந்ததா என்று ஓரளவு சொல்லும். இப்போது வரவில்லை என்பது என் அபிப்பிராயம். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி நினைத்தால் அதற்கான காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் உறுதி, சொல்லாமல் நிறுத்துவது எந்த வழிகாட்டுதலிலும் கிடையாது.

மாத்திரை தொடரும்போது சிறுநீரகப் பரிசோதனை வேண்டும், எலும்பின் பலத்தையும் கவனிக்க வேண்டும். அதில் ஏதாவது மாறினால் டெனோஃபோவிரின் புது வடிவத்துக்கோ என்டெகாவிருக்கோ மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: பிற்காலத்தில் வேறு நோய்க்கு ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எது தர நேர்ந்தாலும், தருபவரிடம் ஹெபடைடிஸ் பி பற்றி முதலில் சொல்லுங்கள். வளையம் உள்ளே இருக்கிறது, அதை அடக்கி வைத்திருப்பதில் உங்கள் எதிர்ப்புச் சக்திக்கும் பங்கு உண்டு.

சோதனையில் இருக்கும் மருந்துகள்

கூடு கட்டுவதைத் தடுக்கும் மருந்து என்று நீங்கள் படித்தது உண்மையான ஆராய்ச்சிதான். அந்த மருந்துகள் கூட்டுப் புரத ஜோடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கின்றன. சில வகை மருந்துகளால் கூடு கோணல்மாணலாக அமையும். வேறு சில, கூட்டை அவசரப்படுத்திச் சரக்கு ஏறுவதற்குள் மூடவைத்துவிடும். இரண்டிலும் சரக்கு ஏறுவதில்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மேலுறைப் புரதம் தனி வழி என்று மேலே சொன்னேனே, அது இங்கேயும் காலை வாருகிறது. இதுவரை வெளிவந்த ஆய்வுகளில் இவற்றால் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் நன்றாக இறங்கின, மேலுறை ஆன்டிஜன் அவ்வளவாக அசையவில்லை. நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் திரும்பியது.

மேலுறை ஆர்என்ஏவையே குறிவைக்கும் ஊசிகள் வேறு ரகம். பெபிரோவிர்சென் என்ற ஊசியின் இரண்டாம் கட்ட ஆய்வு 2022-ல் வெளியானது. 24 வாரம் முழு அளவில் போட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, ஊசி முடிந்து ஆறு மாதம் கழித்தும் மேலுறை ஆன்டிஜனும் டிஎன்ஏவும் தென்படவில்லை. தொடக்கத்தில் ஆன்டிஜன் குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். பத்தில் ஒருவர் என்பதை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். நூற்றில் ஒருவரோடு ஒப்பிட்டால் பெரிய தாவல்தான். மீதி ஒன்பது பேரும் மாத்திரையை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஆய்வில் சேர அழைப்பு வந்தால் சேரலாம், தவறில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் சில கேள்விகளைக் கேட்பது உங்கள் உரிமை. இப்போதைய மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா, எந்த வாரத்தில்? மருந்தில்லாத வெறும் ஊசி விழும் குழுவில் நான் சேர வாய்ப்பு எவ்வளவு? என்சைம் ஏறினால் யார் பார்ப்பார்கள், செலவு யாருடையது? பாதியில் விலகினால் என் வழக்கமான வைத்தியம் தொடருமா? கடைசிக் கேள்விக்குத் தயக்கமில்லாமல் 'தொடரும்' என்று பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில்

மனைவியிடமிருந்து தட்டு, தம்ளர் எல்லாம் தனியாக வைத்துக்கொண்டு தள்ளியே இருப்பதாகக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை அதிகம் வருத்தியது அந்த வரிதான். சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே தம்ளரில் குடிப்பதாலோ, அணைப்பதாலோ இது பரவாது. சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். அவருக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது என்கிறீர்கள். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு பார்த்தீர்களா? அது 10-ஐத் தாண்டியிருந்தால் அவர் பத்திரம். வழக்கமான தாம்பத்தியத்துக்கும் தடையில்லை.

அந்தத் தடுப்பூசியில் என்ன இருக்கிறது தெரியுமா? நீங்கள் நான்கு பக்கம் சண்டை போட்ட அதே சட்டைதான். மேலுறைப் புரதத்தை ஈஸ்ட் செல்லில் உற்பத்தி செய்கிறார்கள், அங்கேயும் அது தானே உருண்டையாகத் திரள்கிறது. உள்ளே வைரஸ் இல்லாத அந்த உருண்டையை வைத்து உடல் பழகிக்கொள்கிறது.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால், "18 நாள் மாத்திரை போடவில்லை, மறுபடி ஆரம்பித்துவிட்டேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். இரண்டு நிமிடம் திட்டு விழலாம். அது முடிந்ததும் என்சைம், பிலிருபின், டிஎன்ஏ, டெல்டா எதிர்ப்பொருள், அல்ட்ராசவுண்ட் ஐந்துக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய எதிர்ப்பொருள் பரிசோதனையும் அங்கேயே முடிந்துவிடும்.